வித்தாத்தான் நட்டம்

போன வாரம் சேலம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஆண்டகளூர் கேட்டில் பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு சிவப்பு லாரி. அதன் பின்னால், சங்கிலியில் கட்டி இழுத்து வரப்பட்ட ஒரு பச்சை லாரி. பச்சையின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் மனைவியின் அண்ணன் பழனிசாமி.

நாமக்கல் பக்கத்தில் லாரியை லாரி இழுப்பது ஒரு செய்தியா? செய்திதான். போன வருஷம் வரை இரண்டுமே மச்சானுடைய வண்டிகள்.

சிவப்பு, அடிமாட்டு விலைக்கு வாங்கியது. ஆனால் பம்பாய் வரை போய் அலுங்காமல் திரும்பும். அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். பச்சை, ஆசைப்பட்டு அதிக விலைக்கு வாங்கியது. ரோட்டில் ஓடியதைவிடப் பட்டறையில் படுத்திருந்ததுதான் அதிகம். கியர் பாக்ஸ் சரியானால் டைனமோ போகும்... டைனமோ சரியானால் ரேடியேட்டர். முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் மட்டும்தான் ரிப்பேர் ஆகாத பார்ட்.

மச்சான் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஒரு வண்டியை விற்றாக வேண்டும். நீங்கள் எதை விற்பீர்கள்?

மச்சான் சிவப்புக்கு விலை பேசினார்.

அவர் மனைவி ராசாத்தி ஆள் அனுப்பினாள். போனேன்.

"சோறு போடற வண்டிய விக்கறாருங்கண்ணா. நீங்களாச்சும் சொல்லுங்க. நான் சொன்னா அவுரு காதுல ஏறாது."

மச்சான் சிரித்தார். "செவப்ப வித்தா லாபமுங்க மாப்ள. பச்சைய இப்ப வித்தா போட்டதுல பாதிகூட வராது. நட்டத்துக்கு விக்க நானென்ன கிறுக்கனுங்களா?"

"ஊட்டுல வச்சிருந்தா மட்டும் நட்டமில்லீங்களா?" என்றேன்.

"அது செலவுங்க. வித்தாத்தான் நட்டம்."

நான் பி.காம். படித்தவன். இந்தக் கணக்கு எங்கள் பாடத்தில் இல்லை.

இவர் மட்டுமா? ஷேர் வாங்கும் பட்டணத்து மனிதர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஏறியதை அவசரமாக விற்றுவிட்டு, இறங்கியதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை... 'தப்பாக வாங்கிவிட்டேன்' என்று ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. அதன்பிறகு ராசாத்தியின் வளையல் கியர் பாக்ஸாகவும், தோடு ரேடியேட்டராகவும் மாறின. அவளை வெறுங்கையோடு பார்த்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஜன்னலில் தலையை நீட்டினேன். "என்னங்க மச்சான், மறுபடியும் படுத்துருச்சா?"

அவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை. முன்னால் நின்ற சிவப்பைப் பெருமையாகக் காட்டினார்.

"புதுச்சத்திரத்துலருந்து லோடோட நம்மளையும் இழுத்துட்டு வருது மாப்ள. பின்னே... நான் லேசுப்பட்ட வண்டியவா வித்தேன்?"