கயிற்றைக் கவ்விய குழந்தை

1. கயிறு கட்டிய பொம்மை வண்டியைப் பத்து மாதக் குழந்தையின் முன்னால் வைத்தேன்.
2. கயிற்றைக் கையால் இழுத்துக் காட்டினேன்.
3. குழந்தை கயிற்றைப் பல்லால் கவ்வித் தலையைப் பின்னுக்கு இழுத்தது. வண்டி நகர்ந்தது.
4. ‘பார்த்துச் செய்யவில்லை’ என்று குறித்தேன்.

குழந்தைகள் நம்மைப் பார்த்துச் செய்வதைப் பதிவு செய்யும் ஆய்வுக்காகக் கல்லங்குறிச்சிக்குப் போயிருந்தேன். குழந்தையின் அம்மா, கோயில் வாசலில் பூ விற்பவர். ஒல்லியானவர், சிரித்த முகம்.

“என்னங்க மேடம், எம்பொண்ணு பாஸா பெயிலா?”

“பார்த்துச் செய்யறது இன்னும் வரலைங்க.”

சிரிப்பு நின்றது. “மாமியா அப்பவே சொல்லிச்சு, புள்ள மந்தம்னு.”

நான் கிளம்பும்போது பூக்கட்ட உட்கார்ந்தார். அவருடைய வலது கை விரல்கள் மடங்கவில்லை. நாரின் நுனியைப் பல்லில் கவ்வி, தலையைப் பின்னுக்கு இழுத்து முடிச்சை இறுக்கினார். எதிரே குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்தது. அரியலூர் பஸ் வந்துவிட்டது, சொல்லாமல் ஏறிவிட்டேன்.

மறுவாரம் போய், தவறு என்னுடையது, உங்கள் பெண் கெட்டிக்காரி என்றேன்.

“பரவால்லீங்க மேடம். இந்தக் கவ்வுற பழக்கம் எங்கிட்டேருந்துதான் தொத்திக்கிச்சுன்னு கண்டுபுடிச்சிட்டேன். இப்ப அவ பாக்கறாப்ல கட்டுறதில்ல.”

“பார்த்தா நல்லதுதாங்க.”

“சரிங்க,” என்றார், மரியாதைக்கு.

படிவத்தைத் திருத்திவிட்டேன். அவர் இன்னும் குழந்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் பூக்கட்டுகிறார்.