கடல் ரோடும் உள் ரோடும்

பஸ் டிப்போவில் அவரைக் கடல்ராசா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் முடிகிற இடத்தில் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். மற்றது வயலுக்கும் கல் குவாரிக்கும் நடுவே நேராக ஓடி, பெரிய ஊரின் வாசலில் மறுபடி முதலாவதோடு வந்து சேரும். இரண்டும் மாநில நெடுஞ்சாலைதான். பலகையில் இரண்டுக்கும் எண் உண்டு. எண்ணைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. கடல் ரோடு, உள் ரோடு, அவ்வளவுதான். கடல் ரோட்டு பஸ்ஸை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் என்பதால் அவருக்கு அந்தப் பட்டம்.

உள் ரோட்டில் ஓட்டியவர் அவருடைய தங்கையின் கணவர். பெற்றவர்கள் போன பிறகு தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் கடல்ராசாதான். மாப்பிள்ளையை டிப்போவிலேயே பார்த்துப் பிடித்தவரும் அவர்தான். “ரோடு சரியில்ல, ஆளு தங்கம்” என்று சொல்லித்தான் தங்கையைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு என்றால் சண்டையும் நிச்சயம்.

“உன் ரோட்டு உப்புக் காத்துல பஸ்ஸும் துருப்பிடிக்கும், ஆளும் துருப்பிடிப்பான் மச்சான். அகலம்னு ஒண்ணு இருக்கா அதுல?” என்பார் மாப்பிள்ளை.

“உன் ரோட்டுல கொட்டாவிதான் வரும். போதாக்குறைக்கு அந்த ரயில்வே கேட்டு. ஒருவாட்டி போட்டா திறக்கறதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துடலாம். என் ரோட்டுல என்னை நிறுத்த ஒருத்தன் கிடையாது மாப்ளே.”

தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் வந்து நிற்பாள். “ரோடு போட்டவனே சும்மா இருக்கான், உங்களுக்கு என்ன வந்துச்சு? இன்னிக்கு யாரு தட்டு கழுவுறாங்களோ அவங்க ரோடுதான் நல்ல ரோடு.”

இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிடுவாள்.

அப்படி ஒரு விடுமுறை நாளில்தான் காலையிலிருந்தே வயிற்றை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், மதியம் சமையலறையில் மயங்கி விழுந்தாள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். உடனே பெரிய ஊருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரை வாங்கிக் கடல்ராசா ஓட்ட, பின் சீட்டில் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை உட்கார்ந்தார்.

ரோடு பிரியும் இடம் வந்தது.

“உள் ரோட்டுல போ மச்சான், அகலமா இருக்கும்.”

“கேட்டு போட்டிருந்தா என்ன பண்றது? கடல் ரோட்டுல நிறுத்த ஒண்ணும் கிடையாது. நான் கொண்டுபோய்ச் சேக்கறேன்.”

கார் கடல் பக்கம் திரும்பியது.

கழிமுகப் பாலத்துக்கு முந்தைய வளைவு வரைக்கும் அவர் ஓட்டிய ஓட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த வளைவில், ஒரு படகை ஏற்றிக்கொண்டு வந்த லாரி திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அவர் காரைப் பின்னால் எடுப்பதற்குள் வண்டிகள் வரிசையாக வந்து அடைத்துவிட்டன. இறங்கி ஓடினார். லாரிக்காரனிடம் கையெடுத்துக் கும்பிட்டார். படகைத் தோளால் முட்டித் தள்ளப் பார்த்தார். அது அசையவில்லை. ஒருவழியாக வழி கிடைத்தபோது தங்கையின் உதடு வெளுத்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பி வந்த டாக்டர், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, காப்பாற்ற முடியவில்லை என்றார்.

“கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?” என்று கேட்டார் கடல்ராசா.

“பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாதுங்க.”

அந்த ‘சொல்ல முடியாது’ அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை ஏசவில்லை. சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. பேச்சையே நிறுத்திவிட்டார். பஸ் நிலையத்தில் இரண்டு பேருடைய பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். முன்பெல்லாம் ஜன்னல் வழியே சத்தம் போட்டுக் கேலி பேசுவார்கள். இப்போது கடல்ராசா வந்து நிறுத்தியதும் மாப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கடல்ராசா விடுமுறை நாட்களில் உள் ரோட்டுக்குப் போகத் தொடங்கினார். அன்றைக்கு அந்த வழியாக வந்திருந்தால் எப்போது கேட்டை நெருங்கியிருப்பார்களோ அந்த நேரத்துக்குப் போய் அங்கே ஒரு கல்லில் உட்காருவார். கேட் மூடியிருந்தால் மூச்சு சற்று இலகுவாக வரும். திறந்திருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. கேட் கீப்பரிடமும் கேட்டுப் பார்த்தார். “சரக்கு வண்டி நேரம் பாத்தா வருது? அன்னிக்கு நான் லீவு வேற” என்றார் அவர்.

ஒரு நாள் கேட் மூடியிருந்தது. வந்து நின்ற பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். கல்லில் உட்கார்ந்திருந்தவரிடம் வந்தார்.

“இங்க என்ன மச்சான் பண்றே?”

“கேட்டைப் பாக்கறேன் மாப்ளே.” கண்ணை எடுக்காமலே சொன்னார். “அன்னிக்கும் மூடித்தான் இருந்திருக்கும்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு...”

மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். “நானும் உன் ரோட்டுக்குப் போனேன். அந்த வளைவுலதான் போய் நின்னேன். எத்தனையோ தடவ.”

“எதுக்கு?”

“அங்க எப்பவும் அடைச்சிக்கிட்டுத்தான் கிடக்கும், தெரிஞ்சே நீ அவளைக் கொண்டுபோனேன்னு உன்னைத் திட்டலாம்னு. ஒரு நாளும் அடைச்சுப் பாக்கல மச்சான். காத்து மாதிரி போகுது ஒவ்வொரு வண்டியும். நீ சொன்னது சரிதான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீ தப்பு பண்ணியிருந்தாலாவது ஆறியிருக்கும். இப்ப நான் யாரைத் திட்டுவேன்?”

கடல்ராசா வாய்விட்டு அழுதார். பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சரக்கு ரயில் கடந்து, கேட் தூக்கப்பட்டு, பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் மாப்பிள்ளை எழுந்தார்.

மறுநாளிலிருந்து பஸ் நிலையத்தில் அவர் கண்ணாடியை ஏற்றவில்லை.

“சாப்ட்டியா மச்சான்?”

“ஆச்சு மாப்ளே.”

ரோட்டுப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. கடல்ராசா கேட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. மாப்பிள்ளையும் அதைத் தடுக்கவில்லை. கேட் மூடியிருக்கும் நாட்களில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவார். ரயில் போகும்வரை இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.