கத்திரி வெயிலில் இருள் அரசன்

மதுரையை ஒட்டிய கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எல்இடி விளக்குகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. வெளிச்சத்தை அளந்து சம்பளம் வாங்குகிறவள் என்ற ஒரே தகுதியில்தான் என் தோழி தன் ஃபேண்டஸி நாவலுக்கு என்னை முதல் வாசகியாக நியமித்தாள். கல்லூரியில் எனக்குப் பக்கத்து இருக்கை. படித்தது என்னோடு மின்னணுவியல், கிடைத்தது தல்லாகுளத்தில் ஓர் அலுவலக வேலை, எழுதியது தொள்ளாயிரம் பக்கம்.

கதை இதுதான். வடக்கே ஓர் இருள் அரசன். அவன் நிழல் நாடுகளின்மேல் படர்கிறது. மக்கள் நம்பிக்கை இழக்கிறார்கள். தெற்கே ஓர் இளைஞனிடம் அணையாத சுடர் ஒன்று இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் சூரியன் உதிக்க, நிழல் ஓடிப்போகிறது. எல்லோரும் வெயிலில் நின்று ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள்.

தலையணைக் கனத்தில் வரும் இத்தகைய நாவல்களை நானும் விடாமல் படிப்பவள்தான். அவற்றில் மாறாத விதிகளை மனதுக்குள் வரிசைப்படுத்தியும் வைத்திருக்கிறேன்.

ஒன்று: கெட்டவன் கறுப்பு உடைதான் உடுத்துவான். அழுக்குத் தெரியாது என்பதாலிருக்கலாம்.

இரண்டு: நம்பிக்கை என்பது எப்போதும் ஒரு சின்னச் சுடர். மலையுச்சிப் புயலிலும் அணையாது. எங்கள் தொழிற்சாலை அந்தத் தரத்தை இன்னும் எட்டவில்லை.

மூன்று: வீரனுக்கு வழி தெரியாமல் போனால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஓர் ஒளிக்கற்றை நேராக அவன் முகத்தில் இறங்கும். கண் கூசியதாக இதுவரை எந்த வீரனும் புகார் சொன்னதில்லை.

அவள் நாவல் ஒரு விதியையும் மீறவில்லை. மதுரையிலேயே கடை வைத்திருக்கும் பதிப்பாளர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் முறை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "எழுத்து நல்லா வருதும்மா. ஆனா இந்தக் கதையை நான் எம்புட்டோ தடவை படிச்சாச்சு. உங்களுதுன்னு ஏதாவது இருந்தா இன்னும் ஒரே ஒரு தடவை குடுங்க. இல்லைன்னா வேணாம்."

மூன்றாவது முறையும் திரும்பி வந்தால் இனி எழுதுவதில்லை என்று அவள் முடிவெடுத்தாள். வீம்புக்குச் சொல்கிறவள் இல்லை. எழுதுகிற மேஜையை அக்கா மகளுக்குத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டாள்.

அப்போது மே மாதம். கடைசித் திருத்தத்தைப் பற்றிப் பேச வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போகலாம் என்று ஸ்கூட்டரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். தண்ணீரைப் பார்த்தால் யோசனை வருமாம். வழியில் சிக்னல் சிவப்பானது. நிற்கவேண்டிய வெள்ளைக்கோடு எங்கோ முன்னால் காலியாகக் கிடந்தது. இரண்டு பேருந்து நிற்கும் தூரம் பின்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில், அத்தனை வண்டிகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. மதுரையில் கோடை முழுக்க இப்படித்தான். கோட்டுக்குக் கூரை கிடையாதே. அவளும் இரண்டு பைக்குகளுக்கு நடுவே முன்சக்கரத்தை நுழைத்தாள்.

"தங்கச்சி, கொஞ்சம் முன்னாடி போங்க. என் தலை வெயில்ல கிடக்கு," என்றார் பக்கத்துப் பைக்காரர்.

"முன்னாடி போனா என் தலை வெயில்ல கிடக்கும்ணே."

"அம்புட்டு நிழலும் உங்களுக்கேவா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதன் நண்பன் சொன்னான்: "விடு மாப்ள, வண்டி வெயில்ல நிக்கட்டும். நீ மட்டும் இறங்கி வா."

நான் அவள் காதருகே குனிந்தேன். "ஏண்டி, இருள் அரசனோட நிழல் நாட்டு மேல விழுந்துச்சுன்னு எழுதியிருக்கயே, அது நம்ம ஊரு மேல விழுந்திருந்தா?"

"என்னாகும்?"

"மாலை போட்டு வரவேத்திருப்பாங்க. இடம் பிடிக்கத்தான் அடிதடி நடந்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "காலேஜ் முடிச்சதுலேருந்து எழுதுறேன். உனக்கு நக்கலு."

தெப்பக்குளம் வந்தது. அங்கே கல் சுவரில் உட்கார்ந்து, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஹெல்மெட்டை வைத்தாள். வெகுநேரம் கழித்து முகத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"வெயிலுக்குப் பயந்து மூஞ்சியைக் கட்டிக்கிட்டு வாரேன். என் வீரன் சூரியனைப் பாத்து அழறான். யாருக்குடி எழுதியிருக்கேன் நானு?"

"எங்க லேப்ல வெளிச்சம் கூடிப்போனாலும் அந்த விளக்கைக் கழிச்சிருவோம்," என்றேன். "கண்ணு கூசினா ஒண்ணும் தெரியாது. அதுவும் இருட்டுதான்."

ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் திருத்தி எழுதியதில் அந்த இருள் அரசன் வெள்ளை உடைக்கு மாறினான். தன் ஒளியிலிருந்து யாரும் ஒதுங்கக் கூடாதென்று நாட்டின் மரங்களையெல்லாம் வெட்டினான். அணையாத சுடரையும் அவனிடமே கொடுத்துவிட்டாள். நம்பிக்கைக்கு அவள் எடுத்துக்கொண்டது கப்பலூர்ச் சாலையில் நான் தினமும் பார்ப்பதை. பொட்டலில் ஒரு மேகத்தின் நிழல் முன்னே ஓடும், எல்லா வண்டிகளும் அதைப் பிடிக்க வேகமெடுக்கும். அவள் நாவலின் முடிவில் ஒரு நாடே அப்படி ஓடியது.

மூன்றாம் முறையாகப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு மத்தியானம் அதே சிக்னல் மரத்தடியில் நாங்கள் நின்றபோது போன் வந்தது. வண்டியை ஓரங்கட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"படிச்சேன்மா. போடலாம். கடைசில நிழல் வருதே, அதை மட்டும் சூரியோதயமா மாத்திருங்க. வெளிச்சம்னாத்தானே வாசகருக்கு நம்பிக்கை வரும்? அது முடியாதுன்னா கஷ்டம்மா."

அவர் எது சொன்னாலும் "சரிங்க சார்" என்பதுதான் அவள் வழக்கம். அன்று கேள்வி கேட்டாள்.

"சார், இப்ப எங்க நின்னு பேசுறீங்க?"

"கடை வாசல்ல. ஏன்?"

"வாசல்ல எங்க சார்?"

பக்கத்தில் நின்ற பைக்காரர்கள்கூடக் காதைக் கொடுத்தார்கள்.

"வேப்பமரத்தடில," என்றார். பிறகு, "சரிம்மா. அப்படியே இருக்கட்டும்."

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் வீரன் வாளை உயர்த்தி நிற்கிறான், பின்னால் பெரிதாகச் சூரியன் உதிக்கிறது. ஓவியர் கதையைப் படிக்கவில்லையாம். மேஜை அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னலோரம் இருந்ததை மட்டும் வெயில் படாத மூலைக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள்.