யார் போட்ட உத்தரவு?

எங்கள் நகரசபைச் செயலாளருக்கு, அவர் முதுகுக்குப் பின்னால், 'மேலிடம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "மேலே கேட்டுச் சொல்றேன்" என்பார். வேலையில் சேர்ந்ததிலிருந்து சொந்தமாக ஒரு முடிவு எடுத்ததில்லை. எடுக்க யாரும் விட்டதுமில்லை.

திடீரென்று மேலே இருந்த அதிகாரத்தையெல்லாம் மூட்டை கட்டி நகரசபைகளுக்கு இறக்கிவிட்டார்கள். பயிற்சி வேறு. தலைமைப் பண்பைப் பற்றி நாள் முழுக்கப் பேசிவிட்டு ஆளுக்கொரு தோள்பை கொடுத்தார்கள். "ஒரு கட்டடம் ஆபத்தானதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று இவர் கேட்டதற்கு, "அது அடுத்த பயிற்சியில வரும்" என்றார்களாம். அடுத்த பயிற்சி வரவில்லை. விரிசல் வந்துவிட்டது.

நகரசபையின் பழைய கடைக் கட்டடம் அது. கீழ்த்தூணில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. மாடியில் இவருடைய அக்காவின் தையல் கடை. பதறிப்போய் மேலே போன் போட்டார். "இனிமே அது உங்க அதிகாரம் சார், நீங்களே பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பொறியாளரும் கிடையாது, அந்த இடம் காலி. பூச்சுதான் வெடித்திருக்கிறதா, தூணே பிளந்திருக்கிறதா? என் தட்டச்சு மேசைக்கு முன்னால் நின்று நகத்தைக் கடித்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில், எல்லோரும் உடனே காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்.

பழக்கதோஷம், 'மேலிட உத்தரவுப்படி' என்று ஆரம்பித்தார். நானும் அப்படியே அடித்துத் தொலைத்தேன். கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மேலே விசாரித்தார்கள். அப்படி எந்த உத்தரவும் போடவில்லை என்று பதில் வந்தது. நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு ஷட்டரைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இவர் அரக்கப்பரக்க ஓடினார். நானும் பின்னாலேயே மாடியேறினேன். அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"யாருடா போட்ட உத்தரவு இது?"

"நான்தான்க்கா."

"மேலிடம்னு எழுதியிருந்துச்சே?"

"அது தப்பு. நான்தான் போட்டேன்."

"கட்டடத்தைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாதுக்கா. அதனாலதான் எறங்குங்கறேன்."

குரல் உடைந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அக்கா அவரை முறைத்தாள். பிறகு துணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். மற்றவர்களும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினார்கள். கட்டடத்தை அவரே பூட்டினார்.

கட்டடம் இன்னும் கல்லு மாதிரி நிற்கிறது. பொறியாளர் இன்னும் வரவில்லை. அக்கா தம்பியோடு பேசுவதில்லை. இவர் தினமும் அந்தத் தெரு வழியாகச் சுற்றி, கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்.

"விழுந்து தொலையக் கூடாதான்னு இருக்கும்மா," என்றார் நேற்று என்னிடம். சொல்லிவிட்டு, தானே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார்.