சுவரில் முளைத்த தேயிலை

எங்கள் பள்ளியில் கொடைக்கானல் மலையின் வரலாறு என்றால் வெள்ளைக்காரர்கள்தான். வெயிலுக்குப் பயந்து ஏறி வந்தார்கள், ஏரி அமைத்தார்கள், பங்களா கட்டினார்கள், பேரிக்காய் மரம் நட்டார்கள். அவர்களைத் தூக்கிச் சுமந்து மேலே கொண்டுவந்தவர்களுக்குப் பாடத்தில் முகம்கூடக் கிடையாது. வரலாற்று டீச்சரான எனக்கு இதை நடத்தி நடத்தி வாய் கசந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் நிர்வாகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. எல்லா மக்களையும் சேர்த்த வரலாறு வேண்டுமாம். வராந்தாச் சுவர் முழுக்கப் படம் வரைந்து, கீழே இரண்டு வரி எழுதுவதாக ஏற்பாடு. மேல்மலையில் பூண்டு போடுகிறவர்கள், பழனிக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள், மலையின் ஆதிகுடிகளான பளியர்கள், கடைசியாக சிலோன்காரர்கள். அந்தக் கடைசி ஆட்கள் நாங்கள். எங்கள் பகுதியை எழுதும் பொறுப்பை பிரின்சிபால் என்னிடமே கொடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். இலங்கையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளைச் சின்ன வயதில், உங்கள் நாட்டுக்கே போங்கள் என்று கப்பலேற்றி அனுப்பினார்கள். இங்கே ஒரு குத்தகைக்காரர் லாரியில் ஏற்றி, வாட்டில் மரக்காட்டுக்குள் இறக்கிவிட்டார். மரம் சாய்ப்பது ஆண்கள், தோல் பதனிடுவதற்கு அதன் பட்டையை உரிப்பது பெண்கள். தார்ப்பாய்க் குடிசை. ஞாயிற்றுச் சந்தைக்குப் போனாலும் பின்னாலேயே காவலாள் வருவான். ஓடிப்போன ஒருவரைப் பிடித்துவந்து எல்லார் முன்னாலும் கட்டி வைத்து அடித்தார்கள். பட்டைச் சாறு ஏறி அம்மாவின் உள்ளங்கை கறுத்துக் கிடக்கும். எல்லா அம்மாக்களின் கையும் அப்படித்தான் இருக்கும் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன்.

இதில் பாதிக்கு மேல் அதுவரை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்துவிட்டு, "நெசமாவே பள்ளிக்கூடச் சொவத்துல வருமா புள்ள? நாங்க பட்டது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். வரும் என்றேன்.

பிரின்சிபால் படித்துப் பார்த்தார். "மிஸ், படிச்சிட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆனா சின்னப் பசங்க பாக்கறது. பேரன்ட்ஸ் வருவாங்க. கொஞ்சம் பாசிட்டிவா போட்டுருவோமே" என்றார். பெயின்டர் அதற்குள் வரைந்தே முடித்திருந்தார். ஏதோ காலண்டரைப் பார்த்து வரைந்த பெண். முதுகில் கூடை, வாயெல்லாம் சிரிப்பு, சுற்றிலும் பச்சைப் பசேலென்று தேயிலை. கொடைக்கானலில் நாங்கள் தேயிலையைப் பார்த்தது மளிகைக் கடையில்தான்.

"அவங்க இங்க மரப்பட்டைதான் மேடம் உரிச்சாங்க" என்றேன்.

"சிலோன்ல தேயிலை பறிச்சாங்கல்ல? அப்ப இது பொய்யில்லையே."

"மேல 'நம் மலையின் வரலாறு'ன்னு போட்டிருக்கே மேடம்."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். படத்தை மாற்றாததன் காரணத்தைத் திறப்பு விழா அன்று சுவரின் மூலையில் பார்த்தேன். கோவில் டியூப் லைட்டில் எழுதுவதைப் போல, உபயம் என்று போட்டு ஒரு பெயர் எழுதியிருந்தது. தேயிலை பறிக்க வந்தவர்கள் என்று மாற்றி எழுதப்பட்டிருந்த எங்கள் இரண்டு வரியைவிட அது பெரிய எழுத்து. அந்தக் குத்தகைக்காரரின் மகன். அவர் பிள்ளைகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

சிலோன் மக்களின் சார்பாக அம்மாவை மேடையேற்றி, அந்த மகன் கையாலேயே சால்வை போர்த்தினார்கள். எங்கிருந்தோ ஒரு கூடையை வாங்கிவந்து அவள் முதுகில் மாட்டி, படத்துக்கு முன் நிறுத்தி, "சிரிங்கம்மா" என்றார்கள். அம்மா சிரித்தாள். எனக்கு அந்தக் கூடையைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

வரும் வழியில் ஜீப்பில் அம்மா ஒன்றுதான் சொன்னாள். "அப்படியே அவங்கப்பன் மூஞ்சி." சால்வையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

போன மாதம் என் வகுப்பு மாணவி ஒருத்தி, மலை வரலாற்றுப் புராஜெக்டுக்காக வட்டக்கானலில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல பிள்ளை. சுவரைப் பார்த்து எழுதினாலே போதும்; நேரில் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பிள்ளைக்காவது உண்மை போகட்டும் என்று அம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"பாட்டி, இந்த மலைக்கு வந்து நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"கொழுந்து எடுத்தேன் கண்ணு" என்றாள் அம்மா.

"அம்மா, இங்க எங்கம்மா கொழுந்து? உள்ளதச் சொல்லும்மா."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "சொவத்துல என்ன எழுதியிருக்கோ அதத்தான புள்ள எழுதணும். மாத்திச் சொன்னா அதுக்கு மார்க்கு போயிரும்ல?" என்றாள்.

அந்தப் பெண் தேயிலை என்று எழுதிக்கொண்டாள்.