கிடை நாயின் கழுத்துக் கடி

அதை எங்கள் வீட்டு நாய் என்று சொல்ல இப்போதும் கூசுகிறது. நாலு வீட்டில் தின்றுவிட்டு எங்கள் வாசலில் படுத்துக் கிடந்த நாய் அது. நான் தஞ்சாவூரில் கால்நடை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். எங்கள் ஊரில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடந்தபோது மருந்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான். சங்கிலியில் கட்டி வளர்த்த நாய்கள் எல்லாம் வந்தன. எங்கள் நாய் வரவில்லை.

"நாலு வீட்டுச் சோறு திங்கிறத நாம மட்டும் ஏன் புடிச்சுக் குடுக்கணும்?" என்றாள் அம்மா. மற்ற மூன்று வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

உளுந்து எடுத்த பிறகு, எருவுக்காக அப்பா வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடச் சொன்னார். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் செம்மறிகளோடும் ஒரு கறுப்பு நாயோடும் வந்தார்கள். ஒரு நாள் காலை எங்கள் நாய் ஓடிப்போய் அந்தக் கறுப்பு நாயின் கழுத்தைக் கவ்வியது.

"தெருநாய்ங்க, எங்கேருந்தோ வருது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார் அப்பா.

அடுத்த சில நாளில் எங்கள் நாய் தாடை தொங்கி, எச்சில் வடிந்து செத்தது. வெறிநோய்தான் என்று பரிசோதனையில் உறுதியானது. ஊரிலோ கிடை நாய்தான் நோயைக் கொண்டுவந்தது என்று பேச்சு. சிலர் தடியோடு போய்க் கிடையைக் கிளப்பிவிட்டார்கள். அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். நாயைத் தொட்டவர்கள், அது நக்கியவர்கள், அது கடித்த நாய்கள். தெருவில் எல்லோருக்கும் ஊசி ஆயிற்று. மிச்சம் இருந்தது கிடை. கடிபட்ட நாய் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நன்றாகவே நடமாடும். அதற்குள் எத்தனை ஊர் கடந்திருக்கும்?

"அவங்கதான் போயிட்டாங்கல்ல, விடு" என்றார் அப்பா.

"அந்த நாயும் போயிருக்குப்பா."

திருவையாறு தாண்டி ஒரு வயலில் அவர்களைக் கண்டுபிடித்தேன். என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் கிடைக்காரர் சிரித்தார். "என்ன தாயி, புழுக்கை கொறச்சலா விழுந்துருச்சுன்னு அப்பா அனுப்புனாகளா?"

சொன்னேன். கடித்தது எங்கள் நாய். வெறிநோயில் செத்தது. உங்கள் நாய்க்கு உடனே ஊசி போட்டு, மாதக்கணக்கில் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். காயத்தைத் தொட்டவர்களுக்கும் ஊசி வேண்டும்.

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு இழுத்து இழுத்து வெடித்த கை. அந்தக் கையால்தான், எச்சில் ஈரம் காயுமுன் காயத்தில் மஞ்சள் அப்பியிருக்கிறார்.

"ஒங்க நாயின்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றாள் அவர் மனைவி. "நாங்க சண்டைக்கா வந்துருப்போம்?"

"நான் ஆட்டைப் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

"ஒங்க சொல்லுக்கு ஆடு நிக்குமாக்கும்! நான் அந்தக் காயத்தத் தொடவே இல்ல. இவுகள மொதல்ல கூட்டிட்டுப் போங்க."

நாயைக் கருவேல மரத்தில் கட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவர் ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறிக்கொண்டார். எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில் என் தோளைத் தட்டினார்.

"ஒங்க ஊரு வழியா வேணாம் தாயி. என்னையப் பாத்தா மறுபடி தடியெடுப்பாக."

வாங்க, கடித்தது எங்கள் நாய்தான் என்று நானே எல்லோரிடமும் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரைச் சுற்றிப் போகும் வாய்க்கால் கரையில் வண்டியைத் திருப்பினேன்.