பச்சைக் கோட்டுக்கு மூன்று ஞாயிறு

டிம்ப்னா பாரெட் வீட்டில் தங்க வருகிற பெண்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு கடிதம் போகும். அறை இருக்கிறது, வா என்று அதில் ஒரு வரி. மீதி இரண்டு பக்கமும் பெட்டியில் என்ன எடுத்துவர வேண்டும் என்பதுதான். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கோட்டு. இரண்டு ஜோடி காலணி, ஒன்று நனையும்போது இன்னொன்று காய்வதற்கு. தங்குகிற நாளுக்கு ஒன்று வீதம் கம்பளிக் காலுறை. தலையில் கட்டத் துணி. ஜீன்ஸ் வேண்டாம், நீ ஊர் திரும்பின பிறகுதான் அது காயும். குடை வேண்டவே வேண்டாம், எங்கள் காற்றுக்குக் குடை என்றால் உயிர். கடைசியாக, அடர்ந்த நிறத்தில் ஒரு நல்ல உடை. இங்கே அந்த வாரத்தில் யாராவது ஒருவர் சாவார்கள், இல்லை கல்யாணம் கட்டுவார்கள், எப்படியும் உன்னையும் கூப்பிடுவார்கள்.

அந்த வீட்டில் பத்தொன்பது வருடம் காலைச் சாப்பாடு சமைத்தவள் நான். அந்தக் கடிதத்துக்குக் கீழ்ப்படிந்து வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஜூலை என்றால் ஜூலைதானே என்று நம்பி, மேயோ மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு வருவார்கள். அதனால் பின்கதவுக்குப் பக்கத்தில் பதினொரு கொக்கியில் பதினொரு பழைய கோட்டுகள் தொங்கின. நனைந்துபோய் வாசலில் நிற்கிறவளை டிம்ப்னா மேலும் கீழும் பார்ப்பாள். 'கடுதாசி படிக்கலியா?' என்பாள். பிறகு அளவு பார்த்து ஒரு கோட்டை எடுத்து மாட்டிவிடுவாள். நாற்பது வருடம் அவள் செய்தது இதுதான். அவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஊர் ஊராக எழுதிப் போட்ட கடிதங்களும், கொடுத்துக் கொடுத்துத் தோள் தேய்ந்த கோட்டுகளும் இருந்தன.

அப்புறம் தங்கை நுவாலா இருந்தாள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், ஒல்லி. கோழி, மாடு, அறைகளில் படுக்கை விரிப்பது எல்லாம் அவள் பாடு. பேசுவது மட்டும் அக்கா பாடு. நுவாலா ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தையை நான் ஒரு வாய்த் தேநீரில் பேசிவிடுவேன்.

போன நவம்பரில், குளிர்காலத்துக்கு வருகிற வாத்துகளைப் பார்க்க ஒருத்தி வந்திருந்தாள். வழக்கம்போல் கோட்டு இல்லாமல். கொக்கியில் இருந்த பதினொன்றும் அன்றைக்குச் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. டிம்ப்னா யோசிக்கவே இல்லை, நுவாலாவின் கோட்டை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டாள். மத்தியானம் மாடு சதுப்புப் பக்கம் போய்விட்டது. நுவாலா வெறும் ஸ்வெட்டரோடு தேடிப் போனாள். மாடு வந்தது, அவளுக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பழமொழியை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்வளவுக்கு எனக்கும் மனசு இருக்கிறது.

டிம்ப்னா பஸ் பிடித்து பாலினாவுக்குப் போய் ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டு வாங்கி வந்தாள். அதைக் கட்டிலின் கால்மாட்டில் விரித்துக் காட்டினாள். நுவாலா கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

'நல்லாருக்குக்கா. எழுந்ததும் போட்டுக்கறேன்.'

எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் புதுத் துணியைப் போடாமல் ஒருத்தி செத்துப்போனால், அதே உடம்புவாகு உள்ள இன்னொருத்தி அதைப் போட்டுக்கொண்டு அடுத்தடுத்து மூன்று ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும். அப்போதுதான் அது அந்தப் பக்கம் அவளுக்குப் போய்ச் சேரும். தோளில் போர்த்திக்கொண்டால் கணக்கில்லை, பொத்தான் எல்லாம் போட்டிருக்க வேண்டும். டிம்ப்னாவை அந்தக் கோட்டு பாதிகூட மூடவில்லை. நான் போட்டால் தரையைப் பெருக்கியது. எங்கள் கோயில் பங்கில் இருக்கிற பெண்கள் எல்லோரையும் ஒவ்வொருத்தியாக மனதுக்குள் நிறுத்திப் பார்த்துவிட்டோம். எல்லோரும் உருளைக்கிழங்கு. டிசம்பர் போயிற்று, ஈஸ்டர் போயிற்று. கோட்டு மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரியில், துண்டுகளுக்கு நடுவே கதகதப்பாகக் கிடந்தது.

நுவாலாதான் கதகதப்பாக இல்லை. 'வீட்டுப் பக்கச் சுவரோரம் நிக்கறாடி,' என்று டிம்ப்னா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே சொல்வாள். 'முடியிலேர்ந்து தண்ணி சொட்டுது. ஒண்ணும் கேக்க மாட்டேங்கறா. கேட்டாலாவது பதில் சொல்லலாம். பாத்துட்டே நிக்கறா.' தினமும் விடியும்போது அதே கனவு. அந்த வருடம் மழையும் அப்படித்தான் இருந்தது. விழுகிற மழை இல்லை, தொங்குகிற மழை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. சன்னல் வழியாகப் பார்த்தால் எனக்கே யாரோ நிற்பது போலிருக்கும்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து ரோசால்பா இறங்கினாள். சிசிலியில் பள்ளி ஆசிரியை, முப்பது வயது. கையில்லாத உடை, கயிற்றுச் செருப்பு. கையில் ஒரு மஞ்சள் குடை இருந்தது, பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வாசலுக்கு வருவதற்குள் கம்பி மட்டும் மிஞ்சியது.

'கடுதாசி படிக்கலியா?' என்றாள் டிம்ப்னா.

'படிச்சேன், அகராதி வச்சுட்டுப் படிச்சேன். ஜூலைக்குக் கம்பளின்னு போட்டிருந்துது. கை தவறி எழுதிட்டீங்கன்னு நினைச்சேன்.'

நான் சிரித்துவிட்டேன். டிம்ப்னா சிரிக்கவில்லை. அவளுடைய தோளையும் கை நீளத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கொக்கிப் பக்கம் போகாமல் மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பச்சைக் கோட்டு. ரோசால்பாவுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. என் கையிலிருந்த தட்டை நான் மெதுவாக மேசையில் வைத்தேன்.

'அவகிட்ட சொல்லலியே அக்கா?' என்று அடுக்களையில் கேட்டேன்.

'சொன்னா பயந்து கழட்டிடுவா.'

'சொல்லாம போட வச்சா சேருமா?'

'நீ யாருடி, பங்குச்சாமியாரா? போய் முட்டையைப் பாரு.'

அவளுக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் மோசமாகத் திட்டியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கோட்டு கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. பூசை முடிந்து வெளியே வந்தபோது, மணி அடிக்கிற கிழவர் ரோசால்பாவின் கோட்டுக் கையை இரண்டு விரலால் தொட்டார். 'அவளுக்குக் கதகதப்பா இருக்கட்டும்,' என்று சொல்லிவிட்டுப் போனார்.

'அவளுக்கா? யாருக்கு?' என்று என்னிடம் கேட்டாள் ரோசால்பா.

'இங்க அப்படித்தான் பேசுவாங்கம்மா,' என்றேன். கோயில் வாசலில் நின்று சொன்ன பொய் அது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ரோசால்பா மழையைக் கண்டு பயப்படுவதை விட்டுவிட்டாள். காலையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவாள், பனிமூட்டத்தில் கரைந்துபோவாள், பிறகு பச்சையாக ஒரு புள்ளி தெரியும், வளரும், ஒல்லியான உயரமான பெண்ணாக வரப்பு வழியே வரும். முகம் தெரிகிற தூரம் வரும்வரை அது நுவாலாதான். டிம்ப்னா மாவிலேயே கையை வைத்துக்கொண்டு சன்னலில் நிற்பாள். நானும் நிற்பேன். அடுப்பில் ஏதாவது தீயும். ஒரு நாள் மாடு அவள் பின்னாலேயே கொட்டில்வரை நடந்து வந்தது. டிம்ப்னா அன்றைக்கு அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தெரிந்து அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் ஞாயிறும் ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை ரோசால்பாவுக்குப் பஸ். அதற்கடுத்த வாரம் ஊரில் அவள் தம்பிக்குக் கல்யாணம்.

'ஒரே ஒரு நாள் இருன்னு கேளுங்கக்கா,' என்றேன்.

'கேக்க மாட்டேன்.'

'உங்க தங்கச்சிக்காக.'

'நாப்பது வருஷமா இந்த வீட்டுக்கு வந்தவளுக்குக் குடுத்துதான் பழக்கம், டீலியா. வந்தவகிட்ட கையேந்தினதில்ல. அதுவும், ஏமாத்திப் போட வச்சுட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுட்டுக் கேக்கறது?' என்றாள். 'நீயும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.'

பண்ணினேன்.

சனிக்கிழமை தூறல். பஸ் வந்து நின்றதும் ரோசால்பா கோட்டைக் கழற்றி, அழகாக மடித்து, டிம்ப்னாவின் கையில் கொடுத்தாள். கையில்லாத உடையில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது. இருவரும் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். டிம்ப்னா கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள், மழை அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் கதவு மூடப் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையிலிருந்து கோட்டைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

'ரோசால்பா, இது உயிரோட இருக்கறவ கோட்டு இல்ல,' என்றேன். 'அவ தங்கச்சியோடது. போடாமயே செத்துட்டா. மூணு ஞாயிறு யாராவது போட்டுட்டுப் பூசைக்குப் போகணும். ரெண்டு நீ போட்டாச்சு. நாளைக்கு எங்க இருந்தாலும் போட்டுக்க. பொத்தான் எல்லாம் போடணும்.'

'ஏறுறியா, இறங்குறியா?' என்றார் டிரைவர்.

ரோசால்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை. வாங்கிக்கொண்டாளா, மடியில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இறங்கினேன். பஸ் போயிற்று.

'திருடி,' என்றாள் டிம்ப்னா.

அதுதான் ஐந்து வாரத்துக்கு அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. நான் தினமும் காலையில் போனேன். எனக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர் மேசையில் இருக்கும், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கனவைப் பற்றிச் சொல்வதில்லை, ஆனால் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பெண் அருவருத்துப்போய் ரயில் சன்னல் வழியாக அதை வீசியிருந்தால்? நுவாலா காலமெல்லாம் அந்தச் சுவரோரம் நனைந்துகொண்டு நிற்பாள், என் வாயால்.

ஆகஸ்ட் கடைசியில் தபால்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே பச்சைக் கோட்டு. பையில் ஒரு கடிதம். டிம்ப்னாவின் கையெல்லாம் மாவு. அவள் என்னைப் பார்த்துத் தாடையை அசைத்தாள், நான் படித்தேன்.

'ரயில் தாமதமாகி, ஞாயிறு மாலைப் பூசைக்குத்தான் ஊர் வந்து சேர்ந்தேன். பெட்டியோடு நேரே கோயிலுக்குப் போனேன். இங்கே இப்போது கல்லெல்லாம் கொதிக்கிறது. எல்லாப் பொத்தானும் போட்டேன், கழுத்துப் பொத்தானையும். சனங்கள் என்னைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். என் அம்மா, ஜூலையில் கம்பளியா, உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒருத்தி மழை ஊருக்குப் போயிருக்கிறாள், பெட்டி கட்ட நேரமில்லாமல் போய்விட்டாள் என்றேன். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. விசிறியை எடுத்து, பூசை முடிகிறவரை எனக்கு விசிறினாள். உங்கள் ஊரில் நான் போட்ட இரண்டு ஞாயிறும் அவளைத் தெரியாமல் போட்டது. அது சேருமோ சேராதோ. அதனால் அடுத்த இரண்டு ஞாயிறும் போட்டேன். அனுப்பத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும்.'

டிம்ப்னா மாவுக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். 'இன்னொரு தடவை படி,' என்றாள். படித்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது, தேநீருக்குப் பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவதாக ஒரு புதுக் கொக்கி அடித்து, பச்சைக் கோட்டைத் தொங்கவிட்டிருந்தாள்.

'வந்தாளா?' என்று கேட்டேன்.

'வந்தா.'

'நனைஞ்சிருந்தாளா?'

'கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டு, காலரைத் தூக்கி விட்டுட்டு, கடற்கரைப் பக்கமா போய்ட்டிருந்தா. நல்ல மழை. நுவாலா, நுவாலான்னு கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல.' ஏப்ரன் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். 'அவ எப்பவுமே அப்படித்தான்டி. குளிரலைன்னா ஒருத்தரையும் தேட மாட்டா.'